மருத்துவ மேதை இப்னு ஸீனா: மூலிகையும் புற்றுநோயும்

ஒரு வீட்டில் யாருக்காவது புற்றுநோய் என்று டாக்டர் சொல்லிவிட்டால், மறுநாளே ஃபோன் வரத் தொடங்கிவிடும். நலம் விசாரிப்பவர்களில் பாதிப் பேர் ஒரு மருந்தையும் சேர்த்தே சொல்வார்கள். முள் சீத்தா இலையைக் கொதிக்கவைத்துக் குடிக்கச் சொல்வார் ஒருவர். கருஞ்சீரகத்தைத் தேனில் குழைத்து வெறும் வயிற்றில் சாப்பிடச் சொல்வார் இன்னொருவர். கீமோ உடம்பைக் கெடுத்துவிடும், இதை மட்டும் மூன்று மாதம் சாப்பிட்டுப் பாருங்கள் என்று அடித்துச் சொல்பவரும் உண்டு. வாட்ஸ்அப்பில் சுற்றும் இத்தகைய குறிப்புகளில் சில நேரம் இப்னு ஸீனாவின் பெயரும் சேர்ந்து வரும்.

அந்தப் பெயருக்கு நம் குடும்பங்களில் தனி மரியாதை உண்டு. ஆனால் அவர் வாழ்க்கை எப்படி இருந்தது, மருந்துகளைப் பற்றி அவர் வைத்த விதிகள் என்ன, புற்றுநோயைப் பற்றி அவர் என்ன எழுதினார், அவருடைய கடைசி நாட்களில் என்ன நடந்தது என்பதெல்லாம் நம்மில் பலருக்குத் தெரியாது. தெரிந்துகொண்டால், அவர் பெயரால் சொல்லப்படும் பலவற்றை அவரே ஏற்றிருக்க மாட்டார் என்பது விளங்கும்.

புகாராவில் வளர்ந்த சிறுவன்

அவருடைய பெயர் அபூ அலீ அல்-ஹுஸைன் இப்னு அப்தில்லாஹ் இப்னு ஸீனா. ஐரோப்பியர்கள் அதை அவிசென்னா என்று ஆக்கிக்கொண்டார்கள். ஹிஜ்ரி 370-ல், அதாவது கி.பி. 980-ல், இன்றைய உஸ்பெகிஸ்தானில் புகாரா நகருக்கு அருகே உள்ள அஃப்ஷனா என்ற கிராமத்தில் பிறந்தார். தந்தை அப்துல்லாஹ் பல்க் நகரைச் சேர்ந்தவர். அந்தப் பகுதியை ஆண்ட ஸாமானிய மன்னர்களிடம் அதிகாரியாகப் பணியாற்றியவர். தாயார் ஸிதாரா அஃப்ஷனாவைச் சேர்ந்தவர்.

சில ஆண்டுகளில் குடும்பம் புகாராவுக்குக் குடிபெயர்ந்தது. பத்து வயதுக்குள் குர்ஆனையும் அரபு இலக்கியத்தில் பெரும்பகுதியையும் அவர் கற்று முடித்துவிட்டார். இந்தியக் கணக்கு முறையைக் கற்பதற்குத் தந்தை அவரை ஒரு காய்கறி வியாபாரியிடம் அனுப்பினார். மார்க்கச் சட்டத்தை இஸ்மாயீல் அஸ்-ஸாஹித் என்ற அறிஞரிடம் கற்றார். தர்க்கமும் வடிவியலும் கற்பிக்க அந்-நாதிலி என்பவர் வீட்டிலேயே தங்கவைக்கப்பட்டார். சீக்கிரமே மாணவர் ஆசிரியரை மிஞ்சிவிட்டார். மிச்சத்தைத் தாமாகவே படித்துக்கொண்டார்.

அடுத்து மருத்துவத்தில் இறங்கினார். நூல்களைப் படித்ததோடு அவர் நிற்கவில்லை. நோயாளிகளை நேரில் பார்க்கத் தொடங்கினார். நூலில் கிடைக்காத பல விஷயங்கள் நோயாளியின் அருகில் இருந்தபோதுதான் தமக்குத் திறந்தன என்று பின்னாளில் தம் மாணவரிடம் சொல்லியிருக்கிறார். அப்போது அவருக்கு வயது பதினாறு. மூத்த மருத்துவர்களும் அவரிடம் வந்து பாடம் கேட்டார்கள்.

பிடிபடாத பிரச்சினை வந்தால் அவர் பள்ளிவாசலுக்குப் போய்த் தொழுது, அல்லாஹ்விடம் உதவி கேட்பார். இரவில் விளக்கேற்றி வைத்து மீண்டும் நூலில் அமர்வார். அரிஸ்டாட்டிலின் தத்துவ நூல் ஒன்றை நாற்பது முறை படித்தும் அதன் நோக்கம் அவருக்குப் புரியவில்லை. கடைசியில் கடைத்தெருவில் மூன்று திர்ஹத்துக்கு வாங்கிய அல்-ஃபாராபியின் சிறு நூல் ஒன்று அதைப் புரியவைத்தது. மறுநாள் ஏழைகளுக்குத் தாராளமாகத் தர்மம் செய்து நன்றி செலுத்தினார். தெரியாததைத் தெரியும் என்று சொல்லிக்கொள்ளாத இந்தக் குணம் அவருடைய மருத்துவத்திலும் தொடர்ந்ததை நாம் பார்க்கப்போகிறோம்.

மன்னரின் நோயும் ஒரு நூலகமும்

புகாராவை ஆண்ட அமீர் நூஹ் இப்னு மன்சூர் நோயுற்றபோது அரண்மனை மருத்துவர்களால் குணப்படுத்த முடியவில்லை. இளைஞரான இப்னு ஸீனாவையும் அழைத்தார்கள். அந்தச் சிகிச்சையில் பங்குபெற்றதற்குப் பிரதிபலனாக அவர் பொருளைக் கேட்கவில்லை. அரண்மனை நூலகத்தைப் பயன்படுத்த அனுமதி கேட்டார். துறை வாரியாகப் பிரிக்கப்பட்ட அறைகளில் பெட்டி பெட்டியாக நூல்கள் இருந்தன. பதினெட்டு வயதுக்குள் தம் காலத்துக் கல்வித்துறைகளையெல்லாம் கற்று முடித்துவிட்டார்.

அதன்பின் அமைதி நீடிக்கவில்லை. தந்தை இறந்தார். ஸாமானிய ஆட்சி 999-ல் சரிந்தது. கஜ்னி மஹ்மூதின் கை ஓங்கிய காலம் அது. இப்னு ஸீனா ஃபகீஹ்களின் உடையில் குவாரஸ்மில் உள்ள குர்கஞ்சுக்குப் போனார். அங்கிருந்தும் கிளம்பி ஊர் ஊராக அலைந்து காஸ்பியன் கடலுக்கு அருகே உள்ள ஜுர்ஜானை அடைந்தார். அவர் நம்பிப் போன ஆட்சியாளர் காபூஸ் அதற்குள் சிறைப்பட்டு இறந்துவிட்டார்.

ஆனால் ஜுர்ஜானில் அவருக்கு ஒரு மாணவர் கிடைத்தார். அபூ உபைத் அல்-ஜூஸ்ஜானி என்ற அந்த மாணவர் ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுகள், ஆசிரியர் இறக்கும்வரை கூடவே இருந்தார். இப்னு ஸீனா தம் இளமைக் காலத்தைச் சொல்லச் சொல்ல எழுதியவரும், பிற்பகுதியைத் தாமே எழுதி முடித்தவரும் அவர்தான். இன்று நாம் அறிந்திருக்கும் பெரும்பாலான செய்திகள் அந்த மாணவரின் பேனா வழியே வந்தவை.

ஓட்டத்தின் நடுவே ஒரு பெருநூல்

அல்-கானூன் ஃபித் திப் என்ற புகழ்பெற்ற மருத்துவ நூலை ஜுர்ஜானில்தான் எழுதத் தொடங்கினார். அதன்பின் ரய் நகரில் மனச்சோர்வு நோயால் வாடிய இளம் ஆட்சியாளர் மஜ்துத் தவ்லாவுக்குச் சிகிச்சை அளித்தார். அங்கிருந்து ஹமதானுக்குப் போனார். அங்கே ஆட்சி செய்த ஷம்ஸுத் தவ்லாவுக்குக் கடுமையான குடல் வலி. அரபு மருத்துவத்தில் அதைக் கூலஞ்ச் என்பார்கள். இப்னு ஸீனா அதைக் குணப்படுத்தியதும் மன்னர் அவரைத் தம் நெருங்கிய வட்டத்தில் சேர்த்துக்கொண்டு, பின்னர் அமைச்சராகவும் ஆக்கினார்.

பதவி சுகமாக இல்லை. படைவீரர்கள் கலகம் செய்து அவர் வீட்டைச் சூழ்ந்தார்கள், சொத்தைச் சூறையாடினார்கள், அவரைக் கொல்லும்படி மன்னரிடம் கேட்டார்கள். மன்னர் அவரைப் பதவியிலிருந்து மட்டும் விலக்கினார். நாற்பது நாள் ஒரு நண்பர் வீட்டில் அவர் ஒளிந்திருந்தார். மன்னருக்கு மறுபடியும் குடல் வலி வந்தது. தேடிப் பிடித்து மன்னிப்புக் கேட்டு, சிகிச்சை பெற்று, மீண்டும் அமைச்சராக்கினார்கள்.

பகல் முழுவதும் அரசுப் பணி. இரவில் மாணவர்கள் வீட்டுக்கு வருவார்கள். ஒருவர் தத்துவ நூலான அஷ்-ஷிஃபாவின் பகுதியை வாசிப்பார், இன்னொருவர் கானூனை வாசிப்பார். இப்படித்தான் அந்தப் பெருநூல் வளர்ந்தது. மன்னர் இறந்த பின் மறுபடியும் தலைமறைவு. இம்முறை ஒரு மருந்துக் கடைக்காரர் வீட்டில் தங்கி, கையில் எந்த நூலும் இல்லாமல் நாளொன்றுக்கு ஐம்பது பக்கம் எழுதினார். பின்னர் பிடிபட்டு ஃபர்தஜான் கோட்டையில் நான்கு மாதம் சிறை வைக்கப்பட்டார். அங்கும் எழுதினார். சிறையில் எழுதியவற்றில் ஒன்று கூலஞ்ச் என்ற அந்தக் குடல் நோயைப் பற்றிய நூல்.

விடுதலையான பின் ஸூஃபிகளின் உடையில் தம் சகோதரரோடும் ஜூஸ்ஜானியோடும் இஸ்ஃபஹானுக்குத் தப்பிப் போனார். அங்கே அலாவுத் தவ்லாவின் ஆதரவில் வாழ்நாளின் மிச்ச ஆண்டுகள் கழிந்தன.

கானூன் ஐந்து பாகங்கள் கொண்டது. முதல் பாகம் மருத்துவத்தின் பொதுக் கோட்பாடுகள். இரண்டாம் பாகம் தனி மருந்துகள். சுமார் 800 மூலிகைகளும் தாதுக்களும் பிற பொருட்களும் அதில் வரிசையாக இடம்பெறுகின்றன. மூன்றாவது, தலை முதல் கால் வரை உறுப்பு வாரியாக நோய்கள். நான்காவது, காய்ச்சலும் கட்டிகளும் போல உடலில் எங்கும் வரக்கூடிய நோய்கள். ஐந்தாவது, கூட்டு மருந்துகள். 12-ஆம் நூற்றாண்டில் ஸ்பெயினின் டோலிடோவில் கிரெமோனா ஜெரார்டு அதை லத்தீனில் மொழிபெயர்த்தார். 17-ஆம் நூற்றாண்டு வரை ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களில் அது பாடமாக இருந்தது. இந்தியாவில் யூனானி வைத்தியத்துக்கு இன்றும் அது அடிப்படை நூல். சென்னை அரும்பாக்கத்தில் இயங்கும் அரசு யூனானி மருத்துவக் கல்லூரி அந்த மரபைச் சேர்ந்ததுதான்.

அவருடைய தத்துவக் கருத்துகள் சிலவற்றை இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் தஹாஃபுதுல் ஃபலாஸிஃபா என்ற நூலில் கடுமையாக மறுத்தார்கள் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். அதே இமாமவர்கள்தான் மருத்துவக் கல்வியை ஃபர்ளு கிஃபாயா என்று, சமுதாயத்தில் சிலராவது கட்டாயம் கற்க வேண்டிய கடமை என்று, இஹ்யாவில் எழுதினார்கள். ஒருவருடைய தத்துவத்தை மறுப்பது வேறு, அவருடைய மருத்துவத்தை மதிப்பது வேறு என்று பிரித்துப் பார்க்க நம் முன்னோர்களுக்குத் தெரிந்திருந்தது.

மருந்தைச் சோதிக்க ஏழு நிபந்தனைகள்

கானூனின் இரண்டாம் பாகத்தில் மூலிகைகளின் பட்டியலுக்குப் போவதற்கு முன்பே இப்னு ஸீனா ஓர் அடிப்படைக் கேள்விக்குப் பதில் சொல்கிறார். ஒரு மருந்து வேலை செய்கிறது என்று எப்படி அறிவது? அனுபவத்தால் அறிய வேண்டுமானால் ஏழு நிபந்தனைகள் நிறைவேற வேண்டும் என்கிறார்.

முதலாவது, மருந்து தன் இயல்பான நிலையில் இருக்க வேண்டும். சூடாக்கியோ வேறு வழியிலோ புதுக் குணம் ஏறியிருக்கக் கூடாது. இரண்டாவது, அதைத் தனி நோய் ஒன்றில் சோதிக்க வேண்டும். பல நோய்கள் கலந்த நிலையில் சோதித்தால் எது எதனால் குணமானது என்று தெரியாது. மூன்றாவது, ஒன்றுக்கொன்று எதிரான இரு வகை நோய்களில் அதைக் கொடுத்துப் பார்க்க வேண்டும். நான்காவது, மருந்தின் வீரியம் நோயின் வேகத்துக்குப் பொருந்த வேண்டும். குறைந்த வீரியத்தில் தொடங்கிப் படிப்படியாகப் போக வேண்டும். ஐந்தாவது, கொடுத்த எவ்வளவு நேரத்தில் பலன் தெரிகிறது என்று கவனிக்க வேண்டும். ஆறாவது, அந்தப் பலன் எப்போதும், அல்லது பெரும்பாலான நேரங்களில் வர வேண்டும். எப்போதோ ஒருமுறை வந்தால் அது தற்செயல். ஏழாவது, சோதனை மனித உடலில் நடக்க வேண்டும். சிங்கத்துக்கோ குதிரைக்கோ கொடுத்துப் பார்த்தால் அது மனிதனுக்கு ஆதாரமாகாது.

இது எழுதப்பட்டு ஆயிரம் ஆண்டு ஆகிறது. இதைக் கையில் வைத்துக்கொண்டு நமக்கு வரும் ஃபார்வர்டு ஒன்றைப் படித்துப் பார்ப்போம்.

இன்ன இலை புற்றுச் செல்களைக் கொல்கிறது என்று ஆய்வுக்கூடத்தில் கண்டுபிடித்ததாக ஒரு செய்தி வரும். அது பெரும்பாலும் கண்ணாடித் தட்டில் வளர்த்த செல்லிலும் எலியிலும் நடந்த சோதனையாக இருக்கும். ஏழாவது நிபந்தனையில் அது நின்றுவிடுகிறது. பக்கத்து ஊரில் ஒருவர் இதைச் சாப்பிட்டுப் பிழைத்துவிட்டார் என்று இன்னொரு செய்தி வரும். ஒருவர் பிழைத்தது ஆறாவது நிபந்தனையைத் தாண்டாது. அவர் அதே சமயத்தில் அறுவை சிகிச்சையும் கீமோவும் எடுத்திருந்தார் என்றால், எதனால் பிழைத்தார் என்ற கேள்வியும் எழுகிறது. இவற்றை அனுப்பும் நல்லுள்ளங்கள் பொய் சொல்கிறார்கள் என்று நாம் சொல்லவில்லை. இப்னு ஸீனா கேட்ட ஆதாரம் அவற்றில் இல்லை என்றுதான் சொல்கிறோம்.

மூலிகையால் அவர் கண்ட நல்ல பலனும் வரலாற்றில் உண்டு. குவாரஸ்மில் காசநோயால் மெலிந்த ஒரு பெண்ணுக்கு வேறு மருந்து எதையும் கொடுக்காமல் குல்கந்து மட்டும் சாப்பிடச் சொன்னார். அவர் நீண்ட காலம் ஏராளமாகச் சாப்பிட்டுக் குணமடைந்தார் என்று ஜூஸ்ஜானி எழுதுகிறார். இதுபோன்ற தம் அனுபவங்களைக் குறிப்பேடுகளில் எழுதிவைத்து, கானூனில் சேர்க்க இப்னு ஸீனா நினைத்திருந்தார். சேர்ப்பதற்கு முன் அந்தக் குறிப்பேடுகள் தொலைந்துபோயின. மருத்துவ உலகத்துக்கு அது பெரிய இழப்பு.

புற்றுநோயைப் பற்றி அவர் எழுதியது

அரபியில் புற்றுநோயை ஸரதான் என்பார்கள். நண்டு என்று பொருள். கட்டியைச் சுற்றி நரம்புகள் நண்டின் கால்களைப் போலப் பரவியிருப்பதாலோ, உறுப்பை நண்டைப் போலப் பிடித்துக்கொள்வதாலோ இந்தப் பெயர் வந்தது என்று இப்னு ஸீனா விளக்குகிறார். பெண்களின் மார்பில் அது அதிகம் வருவதையும் குறிப்பிடுகிறார். கறும்பித்தம் என்ற உடல் நீர் மிகுவதால் வருகிறது என்று அவர் சொன்ன காரணத்தை இன்றைய மருத்துவம் ஏற்பதில்லை. அது அக்காலக் கோட்பாடு. கிரேக்க மருத்துவர் கேலனிடமிருந்து வந்தது.

ஆனால் சிகிச்சையைப் பற்றி அவர் எழுதிய இடத்தில்தான் நாம் நின்று நிதானிக்க வேண்டும். சுமார் 800 மருந்துகளைப் பட்டியலிட்ட மனிதர், ஸரதானைக் குணமாக்கும் மூலிகை இதோ என்று எழுதவில்லை. தொடக்க நிலையில் கண்டால் அது வளராமலும் புண்ணாகாமலும் தடுக்க முடியலாம் என்கிறார். தொடக்கத்தில் அரிதாகக் குணமாவதும் உண்டு, வேரூன்றிவிட்டால் குணமாவதில்லை என்கிறார். சிறியதாகவும் வெட்டக்கூடிய இடத்திலும் இருந்தால் வேரோடு, அதைச் சுற்றி அதற்கு இரத்தம் கொண்டுவரும் நாளங்களோடு சேர்த்து அறுத்து எடுக்க வேண்டும், எதையும் மிச்சம் வைக்கக் கூடாது என்கிறார். மருந்துகளும் உணவும் நோய் பெருகாமல் தடுக்கவும் புண்ணை ஆற்றவும் வேதனையைத் தணிக்கவும் துணையாக வருகின்றன. உணவில் பார்லிக் கஞ்சித் தண்ணீர் போன்ற எளியவற்றைச் சொல்கிறார். காரமான, வீரியமான மருந்துகளைக் கட்டியின் மேல் போட வேண்டாம், அவை நோயைக் கிளறிவிடும் என்றும் எச்சரிக்கிறார்.

சீக்கிரம் கண்டுபிடி, முழுமையாக அகற்று, மூலிகையையும் உணவையும் துணையாக வை, தெரியாததை வாக்களிக்காதே. அவர் காலத்தில் மயக்க மருந்தும் கதிர்வீச்சும் கீமோவும் இல்லை. அப்படியிருந்தும் மூலிகையை மட்டும் நம்பி இரு என்று அவர் சொல்லவில்லை. இவை எல்லாம் கிடைக்கும் காலத்தில், அவர் பெயரைச் சொல்லி ஒரு நோயாளியை மருத்துவமனையிலிருந்து திருப்பி அழைத்து வருவது அவருக்கும் அந்த நோயாளிக்கும் செய்யும் அநீதி.

செலரி விதையும் ஐந்து திர்ஹமும்

அவருடைய கடைசி நாட்கள் நாம் அதிகம் பேசாத பகுதி. அலாவுத் தவ்லாவின் படையோடு பயணத்தில் இருந்தபோது அவருக்கே கூலஞ்ச் வந்துவிட்டது. எந்த நோயைக் குணமாக்கி அமைச்சரானாரோ, எதைப் பற்றிச் சிறையில் நூல் எழுதினாரோ, அதே நோய். படை பின்வாங்க நேர்ந்தால் தாம் நோயோடு பின்தங்கிவிடுவோம் என்ற அச்சம் அவருக்கு. சீக்கிரம் குணமாக வேண்டும் என்ற அவசரத்தில் ஒரே நாளில் எட்டு முறை எனிமா எடுத்துக்கொண்டார். குடலில் புண் ஏற்பட்டது. வலிப்பும் சேர்ந்துகொண்டது.

வாயுவைக் கலைக்க எனிமா மருந்தில் இரண்டு தானக் எடை செலரி விதை சேர்க்கும்படி சொன்னார். சிகிச்சை செய்தவர் ஐந்து திர்ஹம் எடை சேர்த்துவிட்டார். ஒரு திர்ஹத்துக்கு ஆறு தானக். அப்படியானால் சொன்னதைவிடப் பதினைந்து மடங்கு. வேண்டுமென்றே செய்தாரா, தவறுதலா என்று தமக்குத் தெரியாது என்கிறார் ஜூஸ்ஜானி. அந்த விதையின் காரத்தால் குடல் புண் இன்னும் மோசமானது. வலிப்புக்காக அவர் சாப்பிட்டுவந்த லேகியத்தில் பணியாள் ஒருவன் அபினை அளவுக்கு மீறிக் கலந்துவிட்டான். அவருடைய பொருளைத் திருடியவர்கள், அவர் பிழைத்தால் மாட்டிக்கொள்வோம் என்று பயந்து செய்தது அது.

பல்லக்கில் இஸ்ஃபஹானுக்குக் கொண்டுவந்தார்கள். கொஞ்சம் தேறினார். மறுபடி ஹமதானுக்குப் பயணம் புறப்பட்டபோது நோய் திரும்பியது. உடலைக் காக்கும் ஆற்றல் தீர்ந்துவிட்டதை அவரே உணர்ந்து சிகிச்சையை நிறுத்திக்கொண்டார். தம் அடிமைகளை விடுதலை செய்தார், தம்மிடம் இருந்ததைத் தர்மம் செய்தார், மூன்று நாளுக்கு ஒருமுறை குர்ஆனை ஓதி முடித்தார் என்று வரலாற்று நூல்கள் கூறுகின்றன. ஹிஜ்ரி 428, ரமளான் மாதம், கி.பி. 1037-ல் ஹமதானில் அவர் உயிர் பிரிந்தது. அவருடைய கப்ர் இன்றும் அங்கேதான் இருக்கிறது.

செலரி விதை விஷமல்ல. சமையலில் போடும் சாதாரண விதைதான். மருத்துவ உலகின் தலைவர் என்று போற்றப்பட்டவரின் உடலில், தவறான அளவில், தவறான நிலையில் போய்ச் சேர்ந்தபோது அதுவே அவரை வீழ்த்தும் காரணங்களில் ஒன்றானது. இயற்கையானது தீங்கு செய்யாது என்று நம்மிடம் சொல்பவர்களுக்கு இதைவிடப் பெரிய பதில் தேவையில்லை.

இன்று நம் வீடுகளில்

மூலிகையில் மருந்து இருக்கிறது என்பதில் யாருக்கும் ஐயம் வேண்டாம். நம் ஊர்த் தோட்டங்களில் பூக்கும் நித்தியகல்யாணியிலிருந்துதான் வின்கிரிஸ்டின், வின்பிளாஸ்டின் என்ற கீமோ மருந்துகள் வந்தன. 1950-களில் கனடாவில் ராபர்ட் நோபல், சார்லஸ் பியர் என்ற ஆய்வாளர்கள் நீரிழிவுக்குப் பயன்படுமா என்று அந்தச் செடியைச் சோதித்தார்கள். எலிகளின் வெள்ளை அணுக்கள் குறைவதைக் கண்டு ஆய்வு இரத்தப் புற்றின் பக்கம் திரும்பியது. இன்று குழந்தைகளின் இரத்தப் புற்றுக்கு வின்கிரிஸ்டின் முக்கியமான மருந்து. பேக்லிடாக்சல் என்ற மருந்தும் பசிபிக் யூ என்ற மரத்தின் பட்டையிலிருந்து வந்ததே. ஆனால் நித்தியகல்யாணி இலையை வீட்டில் கஷாயம் வைத்துக் குடித்தால் அது வின்கிரிஸ்டின் ஆகாது. அந்தச் செடி நச்சுள்ளது. பெருங்குவியலான இலையிலிருந்து மிகச் சிறிதளவு பொருளைப் பிரித்து, அளந்து, பல ஆண்டு சோதித்து, இரத்தக் குழாய் வழியே செலுத்துகிறார்கள். இப்னு ஸீனாவின் ஏழு நிபந்தனைகளும் அந்தப் பாதையில்தான் நிறைவேறின.

கீமோ நடக்கும்போது சேர்த்துக் கொடுக்கும் மூலிகை இரு விதமாகக் கெடுதல் செய்யலாம். ஒன்று, கீமோ மருந்தைக் கல்லீரல் சீக்கிரம் வெளியேற்றும்படி செய்து அதன் பலனைக் குறைப்பது. செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்ற ஐரோப்பிய மூலிகை இரினோடெக்கான், இமாடினிப் ஆகிய புற்று மருந்துகளின் அளவை இரத்தத்தில் குறைத்துவிடுவதை மனிதர்களிடமே சோதித்துக் கண்டிருக்கிறார்கள். இன்னொன்று, மருந்து வெளியேறாமல் தங்கி நச்சு ஏறுவது. இதோடு, பூண்டு, இஞ்சி போன்றவற்றை மாத்திரையாகவும் சாறாகவும் அதிக அளவில் எடுத்தால் இரத்தம் உறைவது தாமதமாகி அறுவை சிகிச்சையில் இரத்தக் கசிவு கூடலாம். மஞ்சளைச் செறிவூட்டிய மாத்திரைகளால் சிலருக்குக் கல்லீரல் பாதிக்கப்பட்டதும் பதிவாகியுள்ளது. குழம்பில் போடும் மஞ்சளையும் இஞ்சியையும் நாம் சொல்லவில்லை. மருந்தாக, அளவு கூட்டி எடுப்பதைத்தான் சொல்கிறோம். முள் சீத்தாவை நீண்ட காலம் அதிகமாகப் பயன்படுத்துவதற்கும் நடுக்குவாதம் போன்ற ஒரு நரம்பு நோய்க்கும் தொடர்பு இருப்பதைக் கரீபியன் தீவான குவாதலூப்பில் ஆய்வாளர்கள் கண்டார்கள்.

இவற்றைவிடப் பெரிய ஆபத்து காலதாமதம். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். வழக்கமான சிகிச்சையோடு மூலிகை முதலான துணை வைத்தியங்களையும் எடுத்த 258 புற்றுநோயாளிகளை, அவற்றை எடுக்காத நோயாளிகளோடு ஒப்பிட்டார்கள். துணை வைத்தியம் எடுத்தவர்களில் 34 சதவீதம் பேர் கீமோவை மறுத்திருந்தார்கள். மற்றவர்களில் மறுத்தவர்கள் 3 சதவீதம். துணை வைத்தியக் குழுவில் இறப்பின் ஆபத்து இரு மடங்காக இருந்தது. அதற்குக் காரணம் மூலிகையைவிட, தேவையான சிகிச்சைகளில் சிலவற்றை அவர்கள் மறுத்ததும் தள்ளிப்போட்டதும்தான் என்று ஆய்வு காட்டியது. கூடவே சேர்த்துக்கொள்கிறேன் என்று தொடங்குவது பலருக்கு, இது போதும் என்பதில் போய் முடிகிறது.

கருஞ்சீரகமும் தேனும் நபிமொழியில் சிறப்பித்துச் சொல்லப்பட்டவை. அவற்றின் பரக்கத்தை நாம் நம்புகிறோம். அதே நபி (ஸல்) அவர்கள்தான் நோய்க்குச் சிகிச்சை தேடும்படி ஏவினார்கள். மருத்துவம் அறியாமல் வைத்தியம் செய்து தீங்கு விளைவிப்பவர் அதற்குப் பொறுப்பாளி என்றும் நமக்கு அறிவித்தார்கள். ஃபிக்ஹு நூல்களில் இதற்குத் தனிச் சட்டமே உண்டு. ஒரு குறிப்பை ஃபார்வர்டு செய்யும் விரலுக்கும் இந்தப் பொறுப்பில் பங்கு இல்லை என்று எண்ணிவிட வேண்டாம்.

நம் உம்மாவுக்கோ வாப்பாவுக்கோ புற்றுநோய் சிகிச்சை நடக்கிறது என்றால், சாப்பிடும் ஒவ்வொரு மூலிகையையும் லேகியத்தையும் பொடியையும் பெயரோடும் அளவோடும் எழுதி டாக்டரிடம் காட்ட வேண்டும். டாக்டர் திட்டுவாரோ என்று பயந்து மறைப்பதுதான் பல வீடுகளில் நடக்கிறது. மறைத்தால், அவர் கொடுக்கும் மருந்தோடு நாம் கொடுப்பது எங்கே மோதுகிறது என்று அவரால் கண்டுபிடிக்க முடியாது. யூனானியோ சித்தமோ பார்க்க விரும்பினால், முறையாகப் படித்த, பதிவுபெற்ற மருத்துவரிடம் போய், கீமோவின் சீட்டையும் அவருக்குக் காட்ட வேண்டும். பெயரில்லாத பாட்டிலையும் சேர்மானம் எழுதாத பொடியையும் வாங்கக் கூடாது. அறுவை சிகிச்சைக்கும் கீமோவுக்கும் குறித்த தேதியை எந்தக் கஷாயத்துக்காகவும் தள்ளிவைக்கக் கூடாது. குமட்டலுக்கு இஞ்சி டீ வேண்டும், வாய்ப்புண்ணுக்குத் தேன் வேண்டும் என்று தோன்றினால் டாக்டரிடம் கேட்டுவிட்டுக் கொடுக்கலாம். துஆவும் ஸதகாவும் ஓதிப் பார்ப்பதும் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியவை அல்ல. அவை எந்த மருந்தோடும் மோதுவதில்லை.

டாக்டர்களிடமும் நமக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. நோயாளி தயங்கித் தயங்கி ஒரு பொடியைப் பற்றிக் கேட்கும்போது எரிந்து விழாமல், இரண்டு நிமிடம் விளக்கிச் சொன்னால் அவர் அடுத்த முறை எதையும் மறைக்க மாட்டார்.

பள்ளிவாசலில் தொழுது அல்லாஹ்விடம் கேட்டுவிட்டு, விளக்கைத் தூண்டி நூலை மீண்டும் திறந்தவர் இப்னு ஸீனா. கேட்பதும் தேடுவதும் அவரிடம் சேர்ந்தே இருந்தன. நம் வீட்டு நோயாளிக்காக இரண்டையும் நாம் கைவிடாமல் இருப்போம். நோயுற்ற அனைவருக்கும் அல்லாஹ் பூரண ஷிஃபாவைத் தந்து, அவர்களைப் பராமரிக்கும் குடும்பத்தாருக்குப் பொறுமையையும் சரியான முடிவெடுக்கும் அறிவையும் தந்தருள்வானாக! ஆமீன்.